ஹசி, ஒண, ரிஜெக்ட்: பெங்களூரின் குப்பை இலக்கணம்

2025 அக்டோபர் இறுதியில் பெங்களூரில் ஒரு விழா நடந்தது. தெருவில் குப்பை வீசியவர்களைப் படம்பிடித்து, அடையாளம் கண்டு, அவர்கள் வீட்டு வாசலிலேயே குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டியது நகரின் திடக்கழிவு மேலாண்மை நிறுவனம். அபராதமும் விதித்தது. இந்நடவடிக்கைக்கு வைக்கப்பட்ட பெயர் ‘கஸ சுரியுவ ஹப்ப’, அதாவது குப்பை கொட்டும் விழா. காணொளிகள் பரவின, கைதட்டலும் கிடைத்தது. ஆனால் அந்த வண்டி வீட்டு வாசலைத் தேடி மட்டும் ஏன் புறப்பட்டது? உணவகங்களின் எச்சத்தை நள்ளிரவில் காலி மனையில் கவிழ்த்துவிட்டுப் போகும் வண்டியின் உரிமையாளருக்கு வாசல் இல்லையா? உள்ளே வெள்ளிப்பூச்சு மின்னும் நொறுக்குத்தீனி உறையைக் கோடிக்கணக்கில் அச்சிட்டு அனுப்பும் ஆலைக்கு வாசல் இல்லையா?

இக்கேள்விகள் எழாமல் போவதற்குக் காரணம் அதிகாரிகளின் அலட்சியம் மட்டுமன்று. நகரம் குப்பைக்கு இட்டிருக்கும் பெயர்களிலேயே அந்தக் காரணம் இருக்கிறது. பெங்களூரின் கழிவு வகைப்பாடு பொருளை வகைப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டு பழியை வகைப்படுத்துகிறது.

வரலாறு சுருக்கமானது. நகரின் கழிவைப் பல ஆண்டுகள் சுமந்த மாவள்ளிப்புரா 2012இல் கதவடைத்தது. மண்டூர் மக்களும் எதிர்த்து நின்றார்கள். குப்பை தெருக்களில் தேங்கியது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் வீட்டிலேயே பிரித்துத் தருவது கட்டாயமானது. 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் இரண்டு வாளி, ஒரு பை என்னும் முறையை உறுதிசெய்தது: ‘ஹசி கஸ’த்துக்குப் பச்சை வாளி, ‘ஒண கஸ’த்துக்குப் பை, எஞ்சிய ‘ரிஜெக்டு’க்குச் சிவப்பு வாளி.

தமிழ் வாசகருக்கு இச்சொற்கள் அந்நியமல்ல. ‘ஹசி’ நம் பசுமைக்கும் பச்சைக்கும் உறவு. ‘ஒண’ உணங்குதலின் உடன்பிறப்பு. இரண்டும் ஒரு பொருள் இந்நொடியில் எந்நிலையில் உள்ளது என்பதை மட்டும் சொல்பவை. அது எங்கிருந்து வந்தது, எங்கே போகும் என்பதைப் பற்றி அவற்றுக்கு வாய் கிடையாது. உலர்ந்த சருகு ஒணவா? மழையில் நனைந்த நாளிதழ் ஹசியா? ஆயுத பூசைக்கு மறுநாள் சாலையெங்கும் உடைந்து கிடக்கும் பூசணிக்காயில் சிக்கல் இல்லை. அதன்மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தோரணத்தில்தான் சிக்கல். தமிழ்நாட்டின் ‘மக்கும், மக்காத’ என்னும் இணை சற்று மேல் எனலாம். அவை வினையிலிருந்து பிறந்த எச்சங்கள் என்பதால் பொருளின் எதிர்காலத்தையாவது சுட்டுகின்றன. ஆனால் அங்கும் மக்குவது குப்பைதான். மக்கவைக்கக் கடமைப்பட்டவர் வாக்கியத்தில் இல்லை.

‘கழிவு’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். ‘கழிதல்’ தன்வினை, ‘கழித்தல்’ பிறவினை. கழிவு முன்னதிலிருந்து வருகிறது: யாரும் கழிக்காமல் தானே கழிந்துபோனது போல. 2016ஆம் ஆண்டின் மத்திய திடக்கழிவு விதிகள் இக்குறையை நீக்கி, கழிவை உண்டாக்குபவர் என ஒருவரை நிறுத்தின. நிறுத்திய வேகத்தில், வெங்காயத் தோலை உரித்துப் போடும் பாட்டியையும் பன்மாடி வணிக வளாகத்தையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தன. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிப்பவர் ‘பெருமளவில் உண்டாக்குபவர்’ என்று அவற்றில் ஒரு துணைப்பிரிவு இருந்ததுதான். ஒரே தெருவில் நாற்பது சிற்றுண்டிச் சாலைகள் தலைக்கு 90 கிலோ கழித்தால் அத்தெருவிலிருந்து தினமும் 3,600 கிலோ கிளம்பும். அவ்விதியின் கண்ணில் அங்கே பெருமளவில் உண்டாக்குபவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார். 2025 ஏப்ரல் முதல் சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் குப்பைக் கட்டணமும் வீடுகளுக்குக் கட்டடப் பரப்பைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. எடைக்கு அதில் இடமில்லை. குப்பைக்கான கட்டணம் குப்பையைத் தவிர மற்றொன்றை அளக்கிறது.

பையில் போகும் ஒண கஸம் வார்டின் உலர்கழிவு மையத்தைச் சேர்கிறது. இம்மையங்கள் பலவற்றை நடத்துவோர் முன்னாள் குப்பை பொறுக்குநர்கள். அவர்களில் தமிழ் பேசும் தலித் குடும்பத்தினர் கணிசமானோர். அங்கே ஒண கஸம் என்றொரு வகை கிடையாது. பால் உறை வேறு, தண்ணீர் போத்தல் வேறு, அதன் மூடி வேறு, முட்டை அட்டை வேறு, எழுதிய தாள் வேறு. ஒவ்வொன்றுக்கும் தனி விலை. கன்னடத்தில் குஜரி அங்கடி எனப்படும் காயலான் கடைக்காரர் நகரத்தின் பிளாஸ்டிக்கை விரல் நுனியால் தடவியும் கசக்கி ஒலி கேட்டும் பிரிக்கிறார். இந்நகரிலேயே நுட்பமான வகைப்பாடு அவரிடம் இருக்கிறது. அரசின் வகைப்பாட்டு ஆவணங்களுக்கு அது எட்டுவதே இல்லை. அவருடைய தராசில் விலையே பெறாத ஒன்று உண்டு: பல அடுக்கு ஒட்டிய நொறுக்குத்தீனி உறை. வீட்டுக்காரர் விதிப்படி கழுவி, உலர்த்தி, பையில் போட்டுத் தந்தாலும் அதை வாங்க ஆளில்லை. வாங்க ஆளில்லாத பொருளை ஒண என்று அழைப்பது அதன் உற்பத்தியாளருக்குச் செய்யும் உபகாரம். சொல் அவரை விடுவித்துவிடுகிறது.

மூன்றாவது வாளியின் பெயருக்கு நகரம் கன்னடச் சொல்கூடத் தேடவில்லை. ‘ரிஜெக்ட்’ என்ற கடன்சொல்லே புழங்குகிறது. மாதவிடாய் அணையாடை, குழந்தைகளின் டயப்பர், வீடு பெருக்கிய தூசி எல்லாம் அதில் ஒன்று. நிறம் சிவப்பு. 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளிலோ சிவப்புப் பை, தூய்மைப்படுத்தி மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டிய குழாய், ஊசிக்குழல் முதலான பிளாஸ்டிக்குக்கு உரியது. மருத்துவமனையில் துப்புரவு செய்யும் பெண், பகலில் சிவப்பு என்றால் மீள்வது என்றும் வீடு திரும்பியபின் சிவப்பு என்றால் மீளாதது என்றும் கொள்ள வேண்டும். அணையாடை தயாரிப்போர் அதைச் சுற்றி எறிவதற்கான உறையையும் சேர்த்து வழங்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் கூறின. நடைமுறையில் அது நாளிதழில் சுற்றப்பட்டு, சிவப்பு மையால் குறியிடப்பட்டு வெளியே வருகிறது. நாளிதழும் மையும் வீட்டுக்காரருடையவை. பிரிக்கும் கை இன்னொருவருடையது. தயாரிப்பாளரின் பெயர் நாளிதழுக்குள் மறைந்துவிடுகிறது.

எளிய மக்களுக்கு எளிய சொற்கள் வேண்டாவா என்று கேட்கப்படும். வேண்டும். ஆனால் வீட்டுக்குக் கிடைத்த எளிமை வணிகத்துக்குத் தங்குமிடமாவது ஏன் என்பதே கேள்வி. கல்விப்புலத்திலும் ஒரு தப்பித்தல் நடக்கிறது. கழிவைப் பற்றிய கருத்தரங்குகளில் 1966இல் வெளிவந்த மேரி டக்ளஸின் நூலை மேற்கோள் காட்டி, அழுக்கு என்பது ஒழுங்கின் மறுபக்கம் என்று கூறிவிட்டால் விவாதம் நிறைவெய்திவிடுகிறது. எந்த ஒழுங்கு, யாருடைய தராசு, எத்தனை கிலோ என்பவை கொள்கையாளருக்குரிய அற்பக் கேள்விகளாகிவிடுகின்றன.

பொருளைப் பிரித்த அதே கத்தி மனிதரையும் பிரித்திருக்கிறது. தெருவைப் பெருக்குபவர் பௌரகார்மிகர், நகரத் தொழிலாளி. சாதிப் பெயரால் இழிவுபடுத்தப்பட்டவர்களுக்குக் கிடைத்த மதிப்பான பெயர் அது. 2025 மே நாளில் அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் நிரந்தரப் பணி ஆணை பெற்றார்கள். நெடிய போராட்டத்தின் பலன். வீடுதோறும் வந்து ஹசியையும் ஒணவையும் ரிஜெக்டையும் கையில் வாங்கி வண்டியில் ஏற்றுபவர் அப்பட்டியலில் இல்லை. அவர் ‘ஹெல்பர்’, ‘லோடர்’. அவர் தூக்குவதும் நகரின் குப்பைதான், ஆனால் சொல் வேறு என்பதால் ஊதியமும் உரிமையும் வேறு. பிரிக்கப்படாத வாளியை ஏற்றால் மேற்பார்வையாளரின் ஏச்சு, ஏற்க மறுத்தால் வீட்டுக்காரரின் புகார். வகைப்பாடு தவறும்போதெல்லாம் தண்டனை வந்து சேரும் இடம் அவருடைய தோள்.

முதல் வேலையாக ஒவ்வொரு வார்டு அலுவலகச் சுவரிலும் அவ்வார்டின் பெருமளவு உண்டாக்குபவர்களின் பெயர்ப் பட்டியலை, நாள்தோறும் அவர்கள் கழிக்கும் எடையோடு, கன்னடத்திலும் அங்கு வாழ்வோர் பேசும் பிற மொழிகளிலும் எழுதி ஒட்டட்டும். உலர்கழிவு மையங்களில் விலை போகாமல் குவியும் உறைகளை நிறுவனவாரியாக எண்ணி அதன் அருகிலேயே ஒட்டட்டும். அடுத்த ஹப்பத்தில் வண்டி எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்பதை அந்தச் சுவரைப் படித்துவிட்டு ஓட்டுநரே முடிவுசெய்துகொள்வார்.