கரண்ட் போனால் போனும் 'கட்'! பைபருக்கு மாறும் கொடைக்கானல் வீடுகள் கவனிக்க வேண்டியது என்ன?

கொடைக்கானல்:

மலையில் அடைமழை பிடித்தால் முதலில் போவது கரண்ட். எங்கேயோ ஒரு யூகலிப்டஸ் மரம் சாயும், கம்பி அறும், அப்புறம் ராத்திரி முழுக்க இருட்டுதான். அந்த இருட்டிலும் வீட்டு மூலையில் கிடக்கும் பழைய லேண்ட்லைன் போனை எடுத்தால் 'ஞொய்ங்' என்று சத்தம் வரும். டாக்டரைக் கூப்பிடலாம், மதுரையில் இருக்கும் மகனிடம் பேசலாம். இந்த போன்தான் இப்போது மெல்ல விடைபெற்றுக் கொண்டிருக்கிறது.

நாடு முழுவதும் பி.எஸ்.என்.எல். நிறுவனம் காப்பர் ஒயர் இணைப்புகளை ஓரங்கட்டி, பைபர் கேபிளுக்கு மாற்றி வருகிறது. தனியார் கம்பெனிகள் வீட்டுக்குக் கொடுக்கும் புது இணைப்பும் பெரும்பாலும் பைபர்தான். நெட்டும் அதில்தான், டி.வி.யும் அதில்தான், வீட்டு போனும் அதில்தான். 'ஒயரைத்தானே மாத்துறாங்க, இதுல என்ன இருக்கு' என்று பலர் நினைக்கிறார்கள். மாறுவது ஒயர் மட்டும் இல்லை. போனுக்கு கரண்ட் கொடுக்கிற பொறுப்பும் சேர்ந்து கை மாறுகிறது. மலைவாசிகளுக்கு இதுதான் முக்கியமான சங்கதி.

எக்ஸ்சேஞ்சில் இருந்து வந்த கரண்ட்

பழைய போனுக்கு வீட்டு கரண்ட் தேவையே இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வரிசையாக பேட்டரிகள் இருக்கும். அங்கிருந்து 48 வோல்ட் கரண்ட், பேச்சு வரும் அதே காப்பர் ஒயரிலேயே வீடு வரை வந்துவிடும். எக்ஸ்சேஞ்சில் கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டர் ஓடும். வீட்டில் 3 நாள் கரண்ட் இல்லாவிட்டாலும், ஒயர் அறுந்து போகாத வரை போன் பேசும்.

பைபர் என்பது கண்ணாடி இழை. அதில் போவது வெளிச்சம். வெளிச்சத்தை அனுப்பலாம், கரண்டை அனுப்ப முடியாது. அதனால் வீட்டுக்குள் ஒரு சின்னப் பெட்டி மாட்டுகிறார்கள். சனங்கள் அதை மோடம் என்கிறார்கள். நாம் பேசும் குரலை அந்தப் பெட்டிதான் நெட்டில் போகும் தகவலாக மாற்றி அனுப்புகிறது. அந்தப் பெட்டி ஓடுவது நம் வீட்டு பிளக்கில். பிளக்கில் கரண்ட் இல்லை என்றால் பெட்டி செத்தது, போனும் செத்தது.

'அதான் கையில செல்போன் இருக்கே' என்பார்கள். டவுனில் சரி. மேல்மலை கிராமங்களின் பள்ளங்களில், மலை மறைக்கும் இடங்களில், சிக்னலைத் தேடி மேட்டுக்கு ஏறும் கதை எல்லோருக்கும் தெரியும். செல்போன் டவரும் கரண்டில் ஓடுவதுதான். நீண்ட நேரம் கரண்ட் இல்லாமல், டீசலும் போய்ச் சேராவிட்டால் டவரும் படுத்துவிடும்.

2018 நவம்பர் 16-ந்தேதி அதிகாலை நாகை, வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல், கடலோரத்தோடு நிற்கவில்லை. உள்ளே புகுந்து திண்டுக்கல் மாவட்டத்தையும் ஒரு கை பார்த்தது. கொடைக்கானலில் மரங்கள் ரோட்டில் சாய்ந்தன, கரண்ட் போனது. இந்த மாதிரி ஒரு ராத்திரியில்தான் வீட்டு போனின் அருமை தெரியும்.

காப்பரும் ஒழுங்கு இல்லை

அதற்காக பழைய ஒயரைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் முடியாது. மழை பெய்தால் ஜாயிண்ட்டில் தண்ணீர் இறங்கி 'கரகர' சத்தம். ரோடு வெட்டினால் கேபிள் கட். இடி இடித்தால் காப்பர் ஒயர் வழியாகவே மின்னல் வீட்டுக்குள் வந்து போனையும் மோடத்தையும் பொசுக்கும். பைபரில் இந்தத் தொல்லை இல்லை. கண்ணாடி இழையில் மின்னல் ஓடாது, ஈரமும் கரகரப்பும் கிடையாது. காப்பர் ஒயரில் தூரம் கூடக்கூட நெட் வேகம் குறையும். எக்ஸ்சேஞ்சில் இருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் பேருக்குத்தான் நெட். பைபருக்கு அந்தக் கணக்கும் இல்லை.

சரி செய்ய ஆளும் குறைந்துவிட்டது. 2020 ஜனவரி 31-ந்தேதி ஒரே நாளில் நாடு முழுவதும் சுமார் 78 ஆயிரத்து 500 பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வீட்டுக்குப் போனார்கள். எந்தத் தெருவில் எந்த ஜாயிண்ட் என்று விரல்நுனியில் வைத்திருந்த லைன்மேன்கள் பலரும் அதில் அடக்கம். பைபர் இணைப்பை பல ஊர்களில் வருமானத்தைப் பங்கு பிரிக்கும் ஏற்பாட்டில் உள்ளூர் கேபிள்காரர்களே கொடுக்கிறார்கள். காப்பர் ஒயர் அறுந்தால் கட்டிங் பிளேயரை வைத்து முறுக்கிவிட்டு ஒப்பேற்றலாம். பைபர் அறுந்தால் இழையை ஒட்ட தனி மெஷின் வேண்டும், அந்த மெஷினோடு ஆள் மலையேறி வர வேண்டும்.

போட்டியும் சேர்ந்து கொண்டது. டிராய் வெளியிட்ட 2022 ஆகஸ்ட் மாதக் கணக்கில், லேண்ட்லைன் இணைப்பில் பி.எஸ்.என்.எல்.லை முந்தி முதலிடம் பிடித்தது ஜியோ. ஜியோவுக்கு 73.5 லட்சம், பி.எஸ்.என்.எல்.லுக்கு 71.3 லட்சம். 2019 செப்டம்பரில்தான் ஜியோ தன் பைபர் சேவையை வணிக ரீதியாகத் தொடங்கியது. 3 வருஷத்தில் இந்த நிலை. ஆக, லேண்ட்லைன் என்று நாம் சொல்வதே பாதிக்கு மேல் நெட் போனாகும் காலம் வந்துவிட்டது. காப்பர் திரும்பி வரப் போவதில்லை.

பிரிட்டனில் நடந்தது

இந்தச் சிக்கல் மலைக்கு மட்டும் வந்தது இல்லை. பிரிட்டனில் பி.டி. நிறுவனம் இதே வேலையில் இறங்கியது. 2021 நவம்பரில் 'ஆர்வென்' என்ற புயல் ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்து பக்கம் அடித்ததில் லட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட் போனது. சில இடங்களில் ஒரு வாரத்துக்கும் மேல் வரவில்லை. கரண்டும் இல்லாமல் செல் சிக்னலும் இல்லாமல் என்ன செய்வது என்று எதிர்ப்பு கிளம்ப, 2022 மார்ச்சில் வீடுகளை நெட் போனுக்கு மாற்றும் வேலையையே பி.டி. நிறுத்தி வைத்தது. பிறகு தொடங்கினாலும், தனியாக வாழும் முதியவர்களின் அவசர அழைப்புக் கருவிகள் மாற்றத்துக்குப் பிறகு வேலை செய்யாமல் போனது 2023 கடைசியில் பெரிய பிரச்சினையானது. 2025 டிசம்பரில் முடிப்பதாக இருந்த கெடு, 2027 ஜனவரி வரை தள்ளிப் போடப்பட்டது. லேண்ட்லைனை மட்டுமே நம்பி இருப்பவர்களுக்கு, கரண்ட் போனாலும் குறைந்தது 1 மணி நேரம் அவசர எண்ணுக்குப் பேச கம்பெனியே வழி செய்ய வேண்டும் என்பது அங்கே விதி.

இங்கே நோட்டீசில் வேகம் இருக்கிறது, சினிமா ஆப் இருக்கிறது, 'அன்லிமிடெட் கால்' இருக்கிறது. கரண்ட் போனால் என்ன ஆகும் என்று ஒரு வரி இருந்தால் எத்தனையோ வயசானவர்களுக்கு உதவியாக இருக்கும்.

மினி யு.பி.எஸ். போதுமா?

மோடத்துக்கு என்றே மினி யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடியும். மோடம் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடும், அதற்குப் பொருத்தமாகப் பார்த்து வாங்கினால் சில மணி நேரம் தாங்கும். இன்வெர்ட்டர் உள்ள வீடு என்றால் மோடம் பிளக்கை அந்த லைனில் கொடுத்தாலே போதும். இதைச் செய்யாமல், விளக்குக்கும் பேனுக்கும் மட்டும் இன்வெர்ட்டர் லைன் இழுத்துவிட்டு மோடத்தை மறந்துவிடும் வீடுகள் நிறைய.

ஆனால் வீட்டில் பேட்டரி இருந்தால் மட்டும் தீராது. கேபிள்காரர் ரூமில் ஒரு பெரிய பெட்டி இருக்கும். தெருத் தெருவாக பைபர் கிளம்புவது அங்கிருந்துதான். அங்கே பேட்டரி தீர்ந்தால் ஏரியாவுக்கே போன் இல்லை. இணைப்பு எடுக்கும் முன் 'அண்ணே, உங்க ரூம்ல பேக்கப் எத்தனை மணி நேரம் நிக்கும்?' என்று கேட்டுவிடுவது நல்லது.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கால எக்ஸ்சேஞ்சில், மூஞ்சிக்கல்லில் இருந்து ஆனந்தகிரிக்குப் பேசினால் அந்தப் பேச்சு ஊருக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடும். நெட் போனில் பக்கத்து வீட்டுக்குப் பேசினாலும் எங்கோ நகரத்தில் உள்ள சர்வருக்குப் போய்த்தான் திரும்பும். மலைப்பாதையில் மண் சரிந்து மெயின் கேபிள் அறுந்து, மாற்று வழியும் இல்லாவிட்டால், பக்கத்துத் தெருகூட தூர தேசம் ஆகிவிடும்.

லாட்ஜ், ஓட்டல் வைத்திருப்பவர்களுக்கு நம்பர் பெரிய கவலை. 04542-ல் தொடங்கும் பழைய நம்பரைத்தான் போர்டிலும் பில்லிலும் போட்டிருப்பார்கள். பி.எஸ்.என்.எல். காப்பரில் இருந்து அதே பி.எஸ்.என்.எல். பைபருக்குப் போனால் பழைய நம்பரையே வைத்துக் கொள்ளலாம். கம்பெனி மாறினால் நம்பர் போச்சு. செல்போனில் இருக்கிற மாதிரி நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாறும் வசதி லேண்ட்லைனுக்குக் கிடையாது. ரூமுக்கு ரூம் ஒயர் இழுத்து ஒரே லைனில் 3 போன் மாட்டியவர்கள், அந்த ஒயரை மோடத்தில் இருந்து திரும்பக் கொடுக்க வேண்டி வரும். பழைய பங்களாக்களில் அலங்காரத்துக்கு நிற்கும் விரல் விட்டுச் சுற்றுகிற போன், பல மோடங்களில் ரிங் மட்டும் அடிக்கும், நம்பர் போகாது.

மோடம் மாட்ட ஆள் வந்த அன்றே, அவர் கிளம்பும் முன் வீட்டு மெயின் சுவிட்சை ஆப் செய்துவிட்டு வீட்டு போனில் இருந்து செல்போனுக்கு ஒரு கால் போட்டுப் பார்க்கலாம். 2021 ஜனவரி 15-ந்தேதியில் இருந்து லேண்ட்லைனில் செல் நம்பருக்கு முன்னால் 0 போட வேண்டும், அதை மறக்கக் கூடாது. ரிங் போனால் பேட்டரி வேலை செய்கிறது. போகாவிட்டால், வந்த ஆள் படி இறங்கும் முன் சொல்லிவிடலாம்.