பேசாத மிக்கியே மேல்!

கேளிக்கைப் பூங்காவிற்குள் நுழைந்ததும் சின்னஞ்சிறு பிள்ளைகள் ஓடுவது எங்கே? வேடமிட்டு நிற்கும் கதாபாத்திரங்களை நோக்கித்தான். அவை கையசைக்கும், கட்டியணைக்கும், கையெழுத்தும் போடும். ஆனால், பெரும்பாலும் வாய் திறந்து பேசா. தொழில்நுட்பம் இவ்வளவு வளர்ந்த பிறகும் இவற்றைப் பேச வைத்தால் என்ன என்று கேட்போர் உளர். அது நாம் நினைப்பதுபோல் எளிதன்று. எளிதானாலும் நல்லதா என்பதே என் கேள்வி.

முதல் சிக்கல் குரல். முகம் வெளியே தெரியும் இளவரசிகள் டிஸ்னி பூங்காக்களில் தாராளமாகப் பேசுவார்கள். மிக்கியின் நிலை வேறு. திரையில் மிக்கிக்குத் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னியே குரல் கொடுத்தார். பின்னர் 1977 முதல் 2009இல் மறையும்வரை வேய்ன் ஆல்வைன் பேசினார். உலகமே அறிந்த அந்தக் குரலை, கனத்த தலைக்கூட்டுக்குள் வியர்வையில் நனைந்தபடி மாறி மாறி வேடமிடும் ஊழியர் அனைவரும் எப்படிக் கொண்டுவருவர்?

இதற்கு விடையாக, புளோரிடாவின் மேஜிக் கிங்டம் பூங்காவில் 2013ஆம் ஆண்டு வாயும் இமையும் அசையப் பேசும் மிக்கி அறிமுகமானது. பதிவு செய்து வைத்த சொற்றொடர்களே அதன் பேச்சு. 2018இல் அது நிறுத்தப்பட்டது. “என் பூனைக்குட்டி காணாமல் போய்விட்டது” என்று ஒரு குழந்தை சொன்னால், பதிவுப் பெட்டியில் அதற்கு ஏது மறுமொழி? உரையாடலின் உயிர் பேசுவதில் இல்லை, கேட்பதில் இருக்கிறது.

கேட்கத் தெரிந்த கதாபாத்திரமும் உண்டு. 2004இல் புளோரிடாவின் எப்காட் பூங்காவில் தொடங்கிய காட்சியில், கிரஷ் என்னும் கடலாமை திரையில் நீந்தியபடி குழந்தைகளிடம் கேள்வி கேட்கும்; அவர்கள் சொல்வதற்கு ஏற்ப நகைச்சுவையாகப் பதில் சொல்லும். இரகசியம் எளியது: திரைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்து பேசுகிறார். ஆனால், திரையில் இருக்கும் ஆமையைக் கட்டியணைக்க முடியாது. மொழிக்கு மொழி தேர்ந்த கலைஞரும் வேண்டும். தோக்கியோ டிஸ்னி சீயில் அதே ஆமை ஜப்பானிய மொழி பேசுகிறது.

“செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே!” எனலாம். 2025 மே மாதம் ஃபோர்ட்நைட் கணினி விளையாட்டில் டார்த் வேடர் அவ்வாறுதான் பேச வந்தார். விளையாடியவர்கள் அவரைக் கெட்ட வார்த்தை பேச வைத்துவிட்டனர். நிறுவனம் அவசர அவசரமாகத் திருத்தியது. இதே கூத்து ஐந்து வயதுக் குழந்தையின் முன் நடந்தால்?

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். செந்தோசாவில் 2010இல் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் திறக்கப்பட்டது. சிங்கப்பூரின் அதிகாரத்துவ மொழிகள் நான்கு. சைகையால் மட்டும் பேசும் ஒரு கதாபாத்திரத்தின் முன் தமிழ்க் குழந்தையும் சீனக் குழந்தையும் மலாய்க் குழந்தையும் சமம். வீட்டில் தமிழ் மட்டுமே பேசிப் பழகிய பிள்ளை, “உனக்குப் பசிக்குதா?” என்று தமிழிலேயே கேட்கலாம், வயிற்றைத் தடவிக் காட்டினால் அதுவே பதில். அதே பாத்திரம் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கிய நொடியில், அந்தப் பிள்ளை நண்பன் என்ற நிலையிலிருந்து வேடிக்கை பார்ப்பவனாக இறங்கிவிடுகிறான். தன் மொழி இங்கே செல்லாது என்னும் பாடத்தை அவன் விளையாட்டுத் திடலிலா கற்க வேண்டும்?

பேசியே ஆகவேண்டும் என்றால், கேட்கத் தெரிந்த மனிதர் பின்னால் இருக்கட்டும். தமிழும் அங்கே ஒலிக்கட்டும். அதற்கு மனமும் பணமும் இல்லையெனில், மௌனமே போதும். அதுவும் ஒரு மொழிதான்; அதில் எந்தக் குழந்தையும் அந்நியன் அல்லன்.