நாலு மணி பஸ்

அக்டோபர் பிறந்தால் பெங்களூரு வீடுகளுக்கு மலையேற்றச் சுற்றறிக்கைகள் வரத் தொடங்கும். தொப்பி, டார்ச், இரண்டு ஜோடி சாக்ஸ் என்று ஒரு பட்டியல். முதல் நாள் நிகழ்ச்சிக்கு அரைப் பக்கம். உச்சியும் கேம்ப்ஃபயரும் உள்ள இரண்டாம் நாளுக்கு இன்னொரு அரைப் பக்கம். கடைசி நாளுக்கு மட்டும் ஒரே வரி: காலைச் சிற்றுண்டி, இறக்கம், மாலை 4 மணிக்குப் பள்ளி வாசல்.

கோளாறு அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

மாகடிக்குப் பக்கத்தில் உள்ள சாவன்துர்காவையே எடுத்துக்கொள்ளலாம். உயரம் 1,226 மீட்டர். பெரிய மலையென்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே பாறையாக, வழுவழுவென்று சரிந்து நிற்கும் கருங்கல். ஏறும்போது கண்ணுக்கு முன்னால் பாறைதான் தெரியும். திரும்பி நின்றால் பள்ளம் தெரியும். நேற்று குதித்து ஏறிய பையன் இன்று உட்கார்ந்து, பின்புறத்தைத் தேய்த்துத் தேய்த்து இறங்குவான். பேண்ட் கிழிவது பரவாயில்லை. தோளில் பை இழுக்க, ஷூவின் முனையில் கட்டைவிரல் நகம் இடித்துக்கொண்டே வர, முட்டி நடுங்க ஆரம்பிக்கிறதே, அதுதான் கவலை.

ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்தவும் வேண்டும், பிரேக் மாதிரி. தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுவது பெரும்பாலும் இப்படித்தான்; வலி உச்சத்துக்கு வருவது மறுநாளோ அதற்கடுத்த நாளோ. அதாவது, நேற்று ஏதாவது சரிவில் இறங்கியிருந்தால், கடைசி நாள் காலையில் பிள்ளைகள் ஏற்கெனவே வலிக்கும் காலோடுதான் கிளம்புகிறார்கள்.

வரிசையைக் கவனித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். வேகமாக நடப்பவர்கள் முன்னால் ஓடி ஒரு நிழலில் உட்கார்ந்துவிடுவார்கள். பின்னால் தள்ளாடி வரும் பிள்ளை அங்கே வந்து சேர்ந்ததும், “சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்” என்பார் பி.டி. சார். நன்றாக இளைப்பாறியவர்கள் எழுந்து நடப்பார்கள். யாருக்கு ஓய்வு தேவையோ அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இருக்காது.

திரும்பும் வழி எளிது என்ற நினைப்புக்குப் பெரியவர்களும் விலை கொடுத்திருக்கிறார்கள். 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சஹஸ்திர தால் பாதையில் 9 பேர் இறந்தார்கள். 22 பேர் கொண்ட அந்தக் குழுவில் பெரும்பாலோர் கர்நாடகத்தினர். ஏரியைப் பார்த்துவிட்டு முகாமுக்குத் திரும்பும்போதுதான் பனிப்புயலில் சிக்கினார்கள். 2018 மார்ச் 11-ல் குரங்கணியில் காட்டுத்தீ சூழ்ந்ததும் கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைத்தான். 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். புயலையும் தீயையும் பள்ளிப் பயணத்தின் பஸ் நேரத்தோடு ஒப்பிடுவது அதிகப்படிதான். ஆனாலும், உச்சியைத் தொட்டுவிட்டால் பாதி வழிதான் முடிந்திருக்கிறது என்பது இரண்டிலும் உண்டு.

2024 குடியரசு தின விடுமுறையில் குமார பர்வதத்தில் கூட்டம் நெரிந்தது. கர்நாடக வனத்துறை மலையேற்றத்தை நிறுத்திவைத்து, அதே ஆண்டு அக்டோபரில் ‘அரண்ய விஹாரா’ என்ற முன்பதிவு இணையதளத்தைத் தொடங்கியது. ஏறுகிறவர்களை எண்ண ஒரு வழி பிறந்தது. எத்தனை மணிக்கு இறங்கி முடிப்பார்கள் என்ற கணக்கைப் பள்ளிதான் போட வேண்டும்.

எப்படிப் போடுவது? 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார்: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி. அதில் இறக்கத்துக்கு என்று எதுவும் சேர்க்கப்படவில்லை. நல்ல உடற்கட்டுள்ள பெரியவர்களுக்கான கணக்கு அது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேருக்குப் பொருந்தாது. ஏற இரண்டு மணி என்றால் இறங்கவும் இரண்டு மணி வைப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனால் நாலு மணியை நிர்ணயிப்பது மலை இல்லையே. ஞாயிறு மாலை நெலமங்களா சுங்கச்சாவடியில் நிற்கும் வண்டிகளின் வரிசை, மறுநாள் திங்கட்கிழமை, பெற்றோர் வாட்ஸ்அப் குழு எல்லாம் சேர்ந்து நிர்ணயிக்கின்றன. “மிஸ், பஸ் எங்கே வருது?” என்று மதியம் ஒன்றரைக்கே கேள்வி வந்துவிடும். ஒரு கையில் போனும் மறு கையில் அழும் பிள்ளையுமாக ஆசிரியை பாறையில் இறங்குகிறார். போதாததற்கு, “வழியில்தானே இருக்கிறது” என்று சிவகங்கெ மலையையும் நிகழ்ச்சியில் சேர்த்திருப்பார்கள்.

திட்டத்தைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எழுதலாம். டிசம்பரில் பெங்களூருவில் 6 மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். 2 மணிக்குள் எல்லாரும் அடிவாரத்தில் இருக்க வேண்டுமென்றால் காலையில் எப்போது புறப்படுவது என்பது தானாகவே தெரிந்துவிடும். கிளம்பும் முன் நகம் வெட்டியாயிற்றா, ஷூ லேஸ் கணுக்காலில் இறுகியிருக்கிறதா என்று ஒருவர் பார்க்கலாம். மெதுவாக நடக்கும் பிள்ளையை முன்னால் விடலாம். அடிவாரத்தில் வீரபத்திரர் கோயில் பக்கம் ஒரு மணி நேரம் சும்மா உட்காரவும் விடலாம். யார் பயந்தது, யார் யாருக்குத் தண்ணீர் கொடுத்தது என்பதெல்லாம் அப்போதுதான் பேச்சில் வரும். பஸ் ஏறிவிட்டால் தூக்கம், வீடு வந்தால் போன்.

இதற்குப் பள்ளிக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. சுற்றறிக்கையில் ‘திரும்பும் நேரம்’ என்ற கட்டத்தில் ‘இரவு 8 மணிக்குள்’ என்று எழுதி அனுப்பினால், மதியம் ஒன்றரைக்கு மிஸ்ஸின் போன் அடிக்காது.