தொட்டியில் நின்றவன் பேரு என்ன?

போன மாசம் சாந்தோம் நெடுஞ்சாலையில் ஏ.சி. போட்ட ஒரு அரங்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அக்கா மகள் கூட்டிப்போனாள். எம்.பி.ஏ. முடித்துவிட்டு ஒன்றரை வருஷமாக வேலை தேடுகிறவள். "பெரிய பெரிய கம்பெனிக்காரங்கல்லாம் வர்றாங்க மாமா. நீ சும்மா உக்காந்திரு, வாயத் தொறக்காதே" என்று சொல்லித்தான் கூட்டிப்போனாள். வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கூட்டத்தின் தலைப்பு இது: ஒரு நிறுவனத்தின் பிராண்டையும் கலாச்சாரத்தையும் மதிப்பையும் எது கட்டியெழுப்புகிறது? திரையில் படம் படமாகப் போட்டார்கள். 'நம்பிக்கை' என்றார் ஒருவர். 'நேர்மை' என்றார் இன்னொருவர். மூன்றாமவர் 'எங்கள் கம்பெனி ஒரு குடும்பம்' என்றார். குடும்பம்! யாருடைய குடும்பம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையான பதில் அங்கேயே கிடைத்திருக்கும். இரண்டு மணி நேரத்தில் உழைப்பு என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. சாதி என்ற சொல் எப்படி வரும்? அது நாகரிகமில்லாத சொல்லாயிற்றே.

தோழர்களே, இவர்கள் பிராண்டு பற்றிப் பாடம் நடத்திய இதே சாந்தோமில்தான் 1805-ல் தாமஸ் பாரி என்கிற வெள்ளைக்கார வியாபாரி தோல் பதனிடும் ஆலை ஒன்றைத் தொடங்கினார். 1788-லிருந்து மதராசில் வியாபாரம் பார்த்தவர். 1824-ல் பரங்கிப்பேட்டையில் காலராவில் செத்துப்போனார். இருநூறு வருஷம் தாண்டிவிட்டது. கம்பெனியும் கைமாறி 1981-ல் முருகப்பா குழுமத்திடம் போனது. பேரு மட்டும் சாகவில்லை. இன்றைக்கும் கண்டக்டர் 'பாரிஸ், பாரிஸ்' என்று கூவுகிறார். ஜனங்கள் பாரிமுனையில் இறங்குகிறார்கள். ஒரு வியாபாரியின் பேரு ஊர்ப்பேராகவே ஆகிவிட்டது. இதைவிடப் பெரிய பிராண்டு ஏது?

இன்னொரு ஊரைப் பாருங்கள். குரோம்பேட்டை. அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்த பேரு அது. குரோமிய உப்பைப் போட்டுத் தோலைப் பதப்படுத்துகிற முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் காலூன்றியது. அந்த உப்புக்கும் ஒரு ஊர் கிடைத்தது.

ஆக, முதலாளி பேரு ஊராச்சு. ரசாயனத்தின் பேரும் ஊராச்சு. தொட்டியில் நின்றவன் பேரு?

அதுவும் உலகம் பூரா போச்சு! ஆங்கில அகராதியைப் புரட்டிப் பாருங்கள். 'பரையா' என்று ஒரு சொல் இருக்கும். ஒதுக்கப்பட்டவன், சேர்க்கத்தகாதவன் என்று பொருள் போட்டிருப்பான். நம் சாதிப் பேரைக் கப்பலேற்றிக் கொண்டுபோய் வசவாக்கி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் வல்லரசுகள் தங்களுக்குப் பிடிக்காத நாட்டை இந்தச் சொல்லால்தான் திட்டுகின்றன. ஒரே பட்டணத்துக் கரையிலிருந்து இரண்டு பேரு உலகத்துக்குப் போயிருக்கிறது. ஒன்று மரியாதை, ஒன்று மலம். இது தற்செயலா?

என் தாத்தா வாணியம்பாடிப் பக்கம் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். பச்சைத்தோலில் உப்புப் போக ஊறவைக்கணும். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிப் புரட்டணும். மயிரைச் சுரண்டணும். மறுபக்கம் ஒட்டியிருக்கிற சதையைச் செதுக்கணும். அதற்கப்புறம்தான் ஆவாரம்பட்டைத் தண்ணியும் கடுக்காய்த் தண்ணியும். 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று சீமைச் சந்தையில் விலைபோன சரக்கு இப்படித்தான் உருவானது. அந்தத் தோலுக்கு இப்போது புவிசார் குறியீடும் உண்டு. தாத்தாவின் கால்விரல் இடுக்கில் ஆறாமலே இருந்த புண்ணுக்கு எந்தக் குறியீடும் கிடையாது.

தாத்தா அடிக்கடி ஒன்று சொல்வார். "மாட்டுக்குச் சூடு போட்டிருந்தா அந்தத் தோலு ரெண்டாந்தரம்டா. எத்தினி வாட்டி செதுக்கினாலும் தழும்பு போவாது. வெலயக் கொறச்சிடுவான்."

பிராண்டு என்கிற ஆங்கிலச் சொல்லின் வேரைத் தோண்டினால் அதுவும் சூடுதான். முதலில் நெருப்பு, எரிகிற கட்டை என்று பொருள். பிறகு பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மாட்டின் மேல் இழுக்கிற அடையாளம். 'இது என் உடைமை' என்று உடைமைக்காரன் பொறிக்கிற தழும்பு. அமெரிக்கக் கண்டத்தில் கறுப்பு அடிமைகளின் உடம்பிலும் இதே சூட்டைப் போட்டார்கள். முத்திரையால் உடைமைக்காரனுக்கு லாபம், தோலுக்கு நட்டம். எழுபது வயது தோல் தொழிலாளிக்குத் தெரிந்த இந்தச் சங்கதி, மேலாண்மைப் படிப்பில் பாடமாக இல்லை. ஒரு கம்பெனியின் பேரு மேலேறுவதற்கு இன்னொருத்தன் பேரு அழிய வேண்டியிருக்கிறது. இந்த அடையாள அழிப்பைத்தான் பிராண்டைக் கட்டுவது என்று அழகாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

சரி, கலாச்சாரத்துக்கு வருவோம்.

அக்கா மகள் போன வருஷம் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனாள். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். இங்கிலீஷ் கேள்வி, கணக்குக் கேள்வி எல்லாம் முடிந்தது. கடைசியில் 'சும்மா பேசலாம்' என்று ஒருவர் ஆரம்பித்தாராம். எந்த ஏரியா? பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு. சொந்த ஊர்? வாணியம்பாடிப் பக்கம். ஊருக்குள்ளேயா, வெளியேயா? தாத்தா என்ன செய்தார்? பத்து நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் நிறுவனக் கலாச்சாரத்துக்கு இன்னும் பொருத்தமான ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று. "என் கலாச்சாரத்துல இன்னா மாமா கொற?" என்று கேட்டாள். நான் என்ன பதில் சொல்ல?

இது எங்கள் வீட்டு ஒப்பாரி மட்டும் என்று யாரும் ஒதுக்க முடியாது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பத்திரிகையில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களை வேறு வேறு பேரில் அனுப்பினார்கள். ஒன்றில் உயர்சாதி என்று தெரிகிற பேரு, ஒன்றில் தலித் பேரு, ஒன்றில் முஸ்லிம் பேரு. படிப்பு ஒன்று, தகுதி ஒன்று. ஆனால் உயர்சாதிப் பேருக்கு அழைப்பு வருகிற வாய்ப்பில் தலித் பேருக்குக் கிடைத்தது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பேருக்கு மூன்றில் ஒரு பங்கு. தகுதி, தகுதி என்று தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் இதற்கு இன்றுவரை பதில் சொன்னார்களா?

இன்னும் மேலே ஏறிப் பார்ப்போம். எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் 2012-ல் வந்த ஓர் ஆய்வு நாட்டின் 1000 பெரிய கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களை எண்ணிப் பார்த்தது. சுமார் 93 விழுக்காடு 'முன்னேறிய' சாதியார். அதில் பெரும்பகுதி பார்ப்பனரும் வைசியரும். தலித்துகளும் பழங்குடிகளும் சேர்ந்து 3.5 விழுக்காடு. 'எங்கள் கம்பெனி ஒரு குடும்பம்' என்றாரே, அவர் சொன்னது பொய்யே இல்லை. நிசமாகவே குடும்பம்தான்! பெண் கொடுத்து பெண் எடுக்கிற குடும்பம். அந்தக் குடும்பத்தின் பழக்கவழக்கத்துக்குத்தான் 'நிறுவனக் கலாச்சாரம்' என்று பேரு வைத்திருக்கிறார்கள்.

பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாடி மாளிகைகளாக வரிசை கட்டி நிற்கும். அதே சாலையை ஒட்டிக் கண்ணகி நகர். நகரத்துக்குள்ளிருந்து பிடுங்கிய குடிசை மக்களை 2000-லிருந்து கொண்டுபோய்க் கொட்டிய இடம். அந்த மாளிகைகளின் கக்கூசைக் கழுவவும் தரையைத் துடைக்கவும் கண்ணகி நகர்ப் பெண்கள் போகிறார்கள். அங்கே வளர்ந்த பிள்ளை விண்ணப்பத்தில் கண்ணகி நகர் என்று விலாசம் எழுதத் தயங்குகிறது. விலாசத்திலும் சூடு போட்டாச்சு.

மூன்றாவது, மதிப்பு.

2025 ஜூனில் இத்தாலியின் மிலான் நகரத்தில் பிராடா கம்பெனி ஒரு ஆடை அணிவகுப்பு நடத்தியது. அதில் நடந்தவர்களின் காலில் இருந்தது அச்சு அசல் கோலாப்பூர் செருப்பு. 'தோல் செருப்பு' என்று மட்டும் சொன்னார்கள், கோலாப்பூர் பேரு இல்லை. தலைமுறை தலைமுறையாக அந்தச் செருப்பைத் தைக்கிறவர்கள் நம்மைப்போல் சேரியில் தள்ளப்பட்ட சாதியார். சந்தையில் ஜோடி ஆயிரம் ரூபாய் சுற்றி விற்கிற சரக்கு. இங்கிருந்து சத்தம் கிளம்பின பிறகுதான் அது இந்தியச் செருப்பு என்று ஒத்துக்கொண்டார்கள். அந்த வருஷம் டிசம்பரில் ஒரு அறிவிப்பு வந்தது: மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் 2000 ஜோடி தைத்து, ஜோடி சுமார் 800 யூரோவுக்கு விற்போம் என்று. முக்கால் லட்சத்துக்கும் மேலே! அதே தோல், அதே ஊசி, அதே கை. இடையில் சேர்ந்தது ஒரு பேரு. அந்த ஒற்றைப் பேருக்குப் பல பத்தாயிரம். தைத்த கைக்கு எவ்வளவு? 2019-ல் கோலாப்பூர் செருப்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் அது பதிவானது இரண்டு மாநில அரசுக் கழகங்களின் பேரில். தைத்தவன் அங்கேயும் வெளியேதான் நிற்கிறான்.

பேரு இல்லாதவனின் உயிருக்கும் மதிப்பு இல்லை. 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் தோல் கழிவு சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் கழிவுச் சேற்றில் மூழ்கினார்கள். பத்துப் பேர் செத்தார்கள், பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தாத்தா நின்று செய்த வேலையிடத்தில் இப்போது வங்காளத்து ஏழை. மொழி மாறிப்போச்சு, தொட்டி மாறவில்லை. அவர்கள் பதப்படுத்திய தோல் எந்த பிராண்டின் ஷூவாக எந்த நாட்டுக் கடையில் ஏறியதோ, அந்த ஷூவின் அட்டைப்பெட்டியில் இந்தச் சாவு அச்சாகாது.

இதற்கு நாம் என்ன செய்வது? அழுதுகொண்டிருப்பதா? நம் முன்னோர் அழவில்லை. 1893-ல் இதே சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். என்ன பேரு வைத்தார் தெரியுமா? 'பறையன்'. எந்தப் பேரை வசவாக உலகம் பூரா அனுப்பினார்களோ அதே பேரைத் தலைப்பில் பெரிய எழுத்தில் போட்டார். சூடு போட்ட இரும்பைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். இன்றைக்கு மும்பையில் சுதீர் ராஜ்பர் தன் தொழில் நிறுவனத்துக்குச் 'சமார் ஸ்டுடியோ' என்று வைத்திருக்கிறார். 2015-ல் மகாராஷ்டிரத்தில் மாட்டிறைச்சித் தடைச் சட்டம் வந்தபோது பிழைப்புப் போன தோல் தொழிலாளிகளோடு சேர்ந்து, மறுசுழற்சி ரப்பரில் பை தைத்து, இழிசொல்லையே பிராண்டாக்கினார். வணங்குகிறேன்.

ஆனால் தோழர்களே, இதோடு நின்றுவிட்டால் ஏமாந்துபோவோம். நம்மில் சிலர் 'தலித் முதலாளிகள் வந்துவிட்டால் விடுதலை வந்துவிடும்' என்கிறார்கள். வரட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பேரைப் பலகையில் ஏற்றிவிட்டுத் தொட்டிக்குள் இன்னொரு ஏழையை இறக்கினால் அது பலகை மாற்றம். பேரும் வேண்டும், தொட்டிக் கணக்கும் வேண்டும்.

எனவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. பங்குச் சந்தையில் இருக்கிற முதல் 1000 கம்பெனிகள் ஒவ்வொரு வருஷமும் ஒரு பொறுப்பு அறிக்கை கொடுக்க வேண்டும் என்று செபி 2022–23 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. எத்தனை பெண்கள், எத்தனை மாற்றுத் திறனாளிகள் வேலை செய்கிறார்கள் என்று அதில் கட்டம் இருக்கிறது. எத்தனை தலித்துகள், எத்தனை பழங்குடிகள் என்று கட்டம் இல்லை. ஏன் இல்லை? எண்ணினால் நாறிப்போகும் என்பதால்தானே? அந்த ஒரு கட்டத்துக்காகப் போராடுவோம். அலுவலக நாற்காலியில் எத்தனை பேர், ஒப்பந்தக் கூலியாய் எத்தனை பேர் என்று தனித்தனியாகக் காட்டச் சொல்வோம். எண் வெளியே வந்தால் தனியார் துறை இடஒதுக்கீட்டை 'தகுதி' என்கிற திரை போட்டு மறைக்க முடியாது. புவிசார் குறியீட்டின் உரிமை, அந்தத் தொழிலைச் செய்கிறவர்களின் சொந்தக் கூட்டுறவின் கைக்கு வரவேண்டும். தொட்டியில் சாகிறவனின் பேரு, அந்தத் தோலை வாங்குகிற பிராண்டின் ஆண்டறிக்கையில் ஏறவேண்டும்.

அக்கா மகளுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். "இந்த வாட்டி நீ வாயத் தொறக்கலாம் மாமா, நானும் தொறக்கப் போறேன்" என்கிறாள். சாந்தோமோ தியாகராய நகரோ, எந்த அரங்கத்தில் யார் மேடையேறி பிராண்டு, கலாச்சாரம், மதிப்பு என்று ஆரம்பித்தாலும், கடைசி வரிசையிலிருந்து எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

எல்லாஞ் சரிதான் சார், தொட்டியில நின்னவன் பேரு இன்னா?