சீருடை களைந்த பின்

படைச்சேவை என்றதும் துப்பாக்கியே நம் கண்முன் தோன்றும். ஐக்கிய அமெரிக்கப் படைத்தளங்களிலோ, கணினிகளைப் பழுதுபார்த்தும் வலையமைப்பைக் காத்தும் சேவைக்காலம் முழுவதையும் கழிப்போர் பலர். அன்னார் சீருடை களைந்து சிவில் உத்தியோகம் நாடும்போது விசித்திரமான இடர்ப்பாடொன்று நேர்கின்றது. தொழில் தெரியும், அதனைப் பிறர்க்கு விளங்க உரைக்கத் தெரியாது.

அந்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் கைகொடுக்காமலில்லை. கணினி முறைமைகளைக் காப்போர், 'செக்கியூரிட்டி பிளஸ்' போன்ற, வெளியுலகும் மதிக்கும் தராதரப் பத்திரம் பெற்றிருத்தல் வேண்டுமென 2005ஆம் ஆண்டிலேயே அது விதித்தது. 'ஸ்கில்பிரிட்ஜ்' திட்டத்தின்கீழ், மேலதிகாரி இசைந்தால், சேவையின் இறுதி 180 நாட்களுள் படைச் சம்பளத்துடனேயே தனியார் நிறுவனத்தில் பயிலலாம்.

ஆயினும் தராதரப் பத்திரம் வாயிலைக் காட்டுமேயன்றித் திறந்துவிடாது. கிரேஸ் ஹொப்பர் அம்மையார் 1986இல், தமது 79ஆம் வயதில், கடற்படையிலிருந்து ஓய்வுபெற்றதும் டிஜிட்டல் எக்குயிப்மென்ட் நிறுவனம் அவரை ஆலோசகராக ஏற்றது. அவர்தம் புகழ் முன்சென்று பேசிற்று. பெயரறியாத இளைஞனுக்காக எது பேசும்? பதவிப் பெயர்களும் படைக்கே உரிய சுருக்கப் பெயர்களும் நிறைந்த விண்ணப்பம் பேசுமா? தன் பொறுப்பில் எத்தனை கணினிகள் இருந்தன, எவை பழுதுற்றன, எவ்வளவு விரைவில் சீராக்கினான் என அவனே தெளிவுற எழுதுதல் வேண்டும்.

நிறுவன முகாமையாளருக்கும் கடமையுண்டு. தமக்குப் பழகிய சொல்லைக் காணாது விண்ணப்பத்தை ஒதுக்குபவர், நள்ளிரவிலும் பொறிகளை இயங்கவைத்த ஒருவனை இழக்கின்றார். பதவிப் பெயரை விடுத்து, அவன் செய்த வேலை யாதென அவர் கேட்டல் வேண்டும். நாட்டுக்காக உழைத்த கை, விளங்காத சொல்லொன்றின் பொருட்டு வேலையற்றிருத்தல் அந்நாட்டுக்கே இழுக்காகும்.