பந்தும் குச்சியும்: மூலக்கூறு கைக்கு வரட்டும்

கல்லூரி வேதியியல் வகுப்பில் மூலக்கூறு என்றால் கரும்பலகையில் நாலு எழுத்து, நாலு கோடு. பலகை தட்டை, மூலக்கூறு தட்டை இல்லை. மீத்தேனைக் கூட்டல் குறி மாதிரி வரைந்து பழகியவருக்கு 109.5 டிகிரி என்பது பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் ஓர் எண், அவ்வளவுதான்.

பந்தும் குச்சியும் வைத்துச் செய்யும் மாதிரிகள் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு அல்ல. 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனுக்கு மூவிழை அமைப்பை முன்வைத்தபோது, எக்ஸ்ரே படங்களோடு கையால் கட்டிய மாதிரிகளும் துணைநின்றன. உலகமே திரும்பிப் பார்த்த வேலை அது. அதே ஊரில் இன்றும் பல மாணவர்கள் ஒரு மாதிரியைக்கூடத் தொடாமல் பட்டம் வாங்கிவிடுகிறார்கள்.

நெட்டுக்குப்பம், எண்ணூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது வெறும் பாடம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26-ம் தேதி இரவு, கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பலர் மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போனார்கள்.

இப்போது நாலு துளையுள்ள நைட்ரஜன் பந்தை எடுங்கள். மூன்றில் ஹைட்ரஜனைச் செருகினால் ஒன்று காலி. அங்கே இருப்பது பிணைப்பில் சேராத எலெக்ட்ரான் ஜோடி. நீரின் ஹைட்ரஜனைப் பிடித்து இழுப்பது அதுதான். ஈரமான கண்ணிலும் தொண்டையிலும் அம்மோனியா சட்டென்று கரைந்து, காரமாகி எரிப்பது அதனால்தான். எண்ணெயின் நீளமான கார்பன் சங்கிலியைச் செய்து பாருங்கள். எல்லாத் துளையும் நிரம்பியிருக்கும், நீர் பிடிக்க இடமே இல்லை. அதனால்தான் எண்ணெய் தண்ணீரோடு சேராமல் மிதந்து, படகிலும் வலையிலும் அப்பிக்கொண்டது.

கம்ப்யூட்டரில் சுழற்றிப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். பெரிய புரதங்களுக்கு அதுதான் வசதி. ஆனால் சைக்ளோஹெக்சேன் வளையத்தைத் தட்டையாக்க முயன்றால் குச்சிகள் முரண்டுபிடிக்கும். அந்த முரண்டைத் திரை சொல்லாது, விரல்தான் சொல்லும்.

மாதிரியும் முழு உண்மை அல்ல. பிணைப்பு என்பது குச்சி இல்லை, அணு என்பது பிளாஸ்டிக் பந்தும் இல்லை. அதை ஆசிரியர் சொல்லித்தான் ஆகவேண்டும்.

செலவு ஒரு காரணமே இல்லை. நாலு பலூன்களின் வாயைச் சேர்த்துக் கட்டினால் நான்முகி தானாக வந்து நிற்கும். களிமண்ணும் ஈர்க்குச்சியும் எந்த ஊரிலும் கிடைக்கும். இரண்டு மாணவர்களுக்கு ஒரு செட், செய்முறைத் தேர்வில் "செய்து காட்டு" என்று ஒரே ஒரு கேள்வி. இவ்வளவு வந்தாலே படிப்பு நோட்டிலிருந்து கைக்கு இறங்கிவிடும்.