தோட்டக் கழகமும் உண்டியலும்

மரக்கன்று ஒன்றை மண்ணில் ஊன்றுவதற்குக் கால் நாழிகை போதும். அது வேரூன்றித் தழைத்து நிழல் தரும் வரை அதனைக் காப்பதற்கோ ஆண்டுகள் சில வேண்டும். நம் ஊர்களில் தோட்டக் கழகம் தொடங்குவோருட் பலர் அந்தக் கால் நாழிகைக்கே பொருள் திரட்டுகின்றனர். பந்தலுக்கும் மாலைக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் சேர்கிறது; பின்னர் வரும் கோடைக்கு ஒரு குடம் நீர் வாங்கவும் காசு எஞ்சுவதில்லை. கோவில்பட்டி போன்ற கரிசற் சீமையில் இக்குறை கன்றின் உயிரையே போக்கிவிடும். ஆதலின், தோட்டக் கழகம் எவ்வாறு பொருள் ஈட்டுதல் வேண்டும், ஈட்டியதனை எதற்குச் செலவிடுதல் வேண்டும் என்பன பற்றி என் கருத்தை மாணவர்க்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

முதற்கண் நம் மண்ணின் இயல்பை அறிதல் வேண்டும். கரிசல் மண் ஈரம் பட்டால் உப்பிப் பருக்கும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மழையின் ஈரத்தை நெடுநாள் தன்னுள் தேக்கி வைத்துப் பருத்தியையும் கம்பையும் சோளத்தையும் விளைவிப்பது அதன் பெருமை. ஆயினும், கோடையில் அது வெடிக்கும்போது இளங்கன்றின் மெல்லிய வேர்கள் அறுபடும். வெடிப்பின் வழியே அனற்காற்று உட்புகுந்து எஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சிவிடும். எனவே, குழியில் மணலும் தொழுவுரமும் கலந்து இடுதலும், கன்றின் அடியில் சருகையும் வைக்கோலையும் பரப்பி வெயிலை மறைத்தலும் இங்கே இன்றியமையாதன. வெள்ளாடுகள் மிகுந்த ஊராதலின், உடைமுள் கொண்டு வேலி கட்டுதலும் வேண்டும். இவற்றிற்குப் பெரும்பொருள் தேவையில்லை. இடையறாத உழைப்பே தேவை.

இரண்டாவதாக, காலம் அறிதல் வேண்டும். 1950-ஆம் ஆண்டில் நடுவண் அரசின் அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி அவர்கள் ‘வனமகோத்சவம்’ என்னும் மரநடு விழாவைத் தொடங்கி வைத்தார். நாடெங்கும் சூலைத் திங்களில் அவ்விழா கொண்டாடப்பெறுகிறது. தென்மேற்குப் பருவமழை பொழியும் நாடுகட்கு அக்காலம் மிகப் பொருத்தமே. நமக்கோ சூலை என்பது ஆனியும் ஆடியும். புழுதியை வாரி இறைக்கும் காற்றுக் காலம். நம் மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருவது. விழாவின் நோக்கத்தைப் போற்றுவோம். நடும் நாளை நம் வானத்தைப் பார்த்தே குறிப்போம். புரட்டாசி முடிவில் குழி தோண்டி, ஐப்பசியின் முதல் நல்ல மழையில் கன்று ஊன்றும் கழகம், பாதிச் செலவை மேகத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது.

மூன்றாவது, பொருளைப் பற்றியது. நம் முன்னோர் இத்துறையில் நமக்கு நல்ல வழி காட்டியுள்ளனர். கோவில்பட்டியில் எழுந்தருளியுள்ள இறைவனுக்குப் பூவனநாதர் என்பது பெயர். அம்மையின் பெயர் செண்பகவல்லி. பூஞ்சோலையின் பெயரால் இறைவனையும், மலரின் பெயரால் இறைவியையும் வழங்கும் ஊர் இது. பழைய கோயில்களில் நந்தவனம் அமைத்தோர் செடியை நட்டதோடு நின்றாரல்லர். சோழர் பாண்டியர் காலக் கல்வெட்டுகளிலே ‘திருநந்தவனப்புறம்’ என்னும் சொல் வருதலைக் காணலாம். நந்தவனத்தைப் பேணுதற்கும், அதில் உழைப்போர் உண்டு வாழ்தற்கும் விடப்பட்ட நிலமே அது. அந்நிலத்தின் வருவாய் ஆண்டுதோறும் வரும். அதனால் நீர் இறைப்போன் கை ஓயாது. நட்டவன் பெயரை விட, நாளும் நீர் ஊற்றுவோனின் சோற்றைப் பற்றி அவர்கள் கவலை கொண்டனர். அக்கவலையே ஒரு கழகத்தின் வரவு செலவுக்கு அடிப்படையாதல் வேண்டும் என்பேன்.

கடல் கடந்த நாட்டிலும் இவ்வுண்மை விளங்கக் காண்கிறோம். ஆப்பிரிக்கக் கண்டத்துக் கென்யா நாட்டில், வங்காரி மாத்தாய் என்னும் அம்மையார் 1977-ஆம் ஆண்டு சூன் 5-ஆம் நாள் ஏழு கன்றுகளை நட்டுப் ‘பசுமை வளைய இயக்கம்’ கண்டார். சிற்றூர்ப் பெண்கள் நாற்றங்கால் அமைத்துக் கன்று வளர்த்தனர். அவர்களுக்கு ஒரு சிறு தொகை வழங்கப்பட்டது. எதற்கு? நட்ட கன்றுக்கு அன்று. நட்டபின் பிழைத்திருந்த கன்றுக்கே. அம்முறையால் அந்நாட்டில் கோடிக்கணக்கான மரங்கள் எழுந்தன; அம்மையாருக்கு 2004-ஆம் ஆண்டில் அமைதிக்கான நோபெல் பரிசும் கிடைத்தது. நட்டவற்றை எண்ணாமல் பிழைத்தவற்றை எண்ணுதல் நம் கழகங்களும் மேற்கொள்ளத்தக்க நெறியாகும்.

இனி, பொருள் ஈட்டும் வழிகளைக் காண்போம். செல்வர் ஒருவர் வாயிலில் நின்று பெருந்தொகை பெறுதல் எளிய வழியாகத் தோன்றும். ஆனால், ஒருவர் பொருளால் வளர்ந்த மரம் அவர் மரமாகவே எண்ணப்படும். அது வாடினால் ஊரார் வாடார். பலர் சிறிது சிறிதாக ஈந்த காசால் வளர்ந்ததனையே ஊர் தன்னுடையதாகக் கொள்ளும். இவ்வறண்ட சீமை அதனை நன்கு அறியும். விருதுநகரில் வீடுதோறும் பிடியரிசி திரட்டி அன்று பள்ளி நடத்தினர். அவ்வாறு வளர்ந்த க்ஷத்திரிய வித்தியாசாலையிலேதான் பெருந்தலைவர் காமராசர் பயின்றார். உலையிலிடும் அரிசியில் ஒரு பிடி குறைந்ததனால் எவ்வீட்டிலும் பசி வந்ததில்லை. ஊருக்கோ ஒரு கல்விக்கூடம் வந்தது.

கழகத்தில் 60 மாணவர் இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் வாரம் 2 ரூபாய் உண்டியலில் இட்டால், 40 வாரங்களில் 4,800 ரூபாய் சேரும். தின்பண்டத்தில் ஒன்றைக் குறைத்தால் அக்காசு கிடைத்துவிடும். கடலை மிட்டாய்க்குப் பெயர் பெற்ற ஊரில் இது சிறிது கடினமான தவந்தான்! கைப்பொருள் இல்லாத மாணவன் வருந்த வேண்டுவதில்லை. அவன் ஒருநாள் நீர் சுமந்தால் அதுவே அவனது காணிக்கை.

உழைத்து ஈட்டும் வழியும் உண்டு. ஆனி, ஆடித் திங்களில் வேம்பின் அடியில் பழங்கள் உதிர்ந்து கிடக்கும். அவற்றைப் பொறுக்கிக் கழுவி உலர்த்திய வேப்பமுத்தை எண்ணெய்க்கும் பிண்ணாக்குக்கும் வணிகர் விலை கொடுத்து வாங்குவர். நல்லனவற்றைக் காலந்தாழ்த்தாது விதைத்தல் வேண்டும். வேம்பின் விதை சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். முளைத்த கன்றுகளை ஓராண்டு பேணி மறு ஐப்பசியில் நடலாம். மிஞ்சியவற்றை ஊரார்க்கு விற்கலாம். 1835-ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பெற்ற வேளாண் தோட்டக்கலைச் சங்கமும் செடிகளை வளர்த்து மக்களுக்கு விற்று வந்ததே.

சேர்ந்த பொருள் எவ்வளவு சிறிதாயினும் கணக்கு எழுதுதல் கடமை. திங்கள்தோறும் வரவையும் செலவையும் கரும்பலகையில் எழுதி யாவரும் காண வைத்தல் நன்று. அதன் கீழே, ‘நட்டவை இத்தனை, இன்று உயிரோடிருப்பவை இத்தனை’ என்னும் வரியையும் எழுதுக. அவ்வரியே கழகத்தின் மெய்யான கணக்கு.

“குடிக்கவே நீர் அரிதாகிய ஊரில் மரத்திற்கு நீர் ஊற்றுவதா?” என்று கேட்பார் உளர். அது புறக்கணிக்கத்தக்க கேள்வி அன்று. குடத்தோடு காத்து நிற்கும் தாயின் நீரைப் பறித்து மரம் வளர்த்தல் அறமாகாது. ஆனால், நண்பகல் உணவுக்குப் பின் 200 மாணவர் தட்டுக் கழுவும் நீர், ஆளுக்கு அரை லிட்டராயினும், நாளொன்றுக்கு 100 லிட்டர். பள்ளி நடைபெறும் ஐந்து நாளில் 500 லிட்டர். கன்று ஒன்றுக்கு முறைக்கு 10 லிட்டராக வாரம் இருமுறை ஊற்றினால், 25 கன்றுகட்கு அது சரியாகப் போதும். அதற்கு மேல் நட வேண்டா. நூறு நட்டு நூறையும் இழப்பதினும், இருபத்தைந்து நட்டு அனைத்தையும் காப்பது மேலன்றோ?

இவ்விடத்தில் ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கோடை விடுமுறையில் பள்ளி மூடப்படும். தட்டுக் கழுவும் நீர் நின்றுபோம். மாணவர் உறவினர் ஊருக்குச் செல்வர். அந்தச் சித்திரை வைகாசியில்தான் மண் வெடிக்கிறது, கன்றுகளும் மடிகின்றன. உண்டியல் திறக்கப்பட வேண்டிய வேளை அதுவே. ஆண்டெல்லாம் சேர்த்த காசு, விழாவுக்கு அன்று, அந்த வாரங்களில் நீர் வாங்குதற்கும் அதனை ஊற்றுவோர்க்குக் கூலி கொடுத்தற்குமே உரியது. முன்னோர் விட்ட நந்தவனப்புறத்தின் பயனை இந்தச் சிறு உண்டியல் நமக்குத் தரும்.

மாணவர்களே! 2001-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசிய பசுமைப் படையின் வாயிலாகப் பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்கள் அமைந்துள்ளன. உங்கள் பள்ளியில் அத்தகைய மன்றம் இருப்பின் அதிற் சேருங்கள்; இல்லையேல் ஆசிரியரை அணுகித் தொடங்குங்கள். வேம்பும் புங்கமும் பூவரசும் போன்ற, நம் மண்ணுக்கு உரிய மரங்களைத் தேர்ந்தெடுங்கள். கண்மாய்க் கரையிலே பனங்கொட்டைகளை ஊன்றுங்கள். அவை நம்மிடம் நீர் கேட்பதில்லை. அடுத்த வைகாசிக்கு இன்றே உண்டியலில் காசிடத் தொடங்குங்கள்.